அறுபத்து நாலு கவுதாரிகள்

காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரை கிளுவங்காட்டூரில் யாரும் இருமுவதில்லை. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். விழுங்க முடியாதவர்கள் தலைமாட்டில் இருக்கும் வாய்ப்பட்டையை எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். எழுகிற சத்தத்தை அது உள்ளேயே தின்றுவிடும். கைக்குழந்தைகளுக்குச் சின்ன அளவில், கிளிப்பச்சை நிறத்தில் கிடைக்கும். ஊர் மாடுகளின் கழுத்து மணிகளுக்கு நாக்கு கிடையாது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் கவுதாரிகள் கூவும். கூவுகிற பறவையைக் கலைத்தால் அது இடம் மாறும். பறவை இடம் மாறினால் நிழலும் இடம் மாறும். நிழல் போனால் ஊர் போயிற்று.

நிழல் என்றால் மரத்தடி நிழல் இல்லை. கண்ணுக்கு எட்டாத உயரத்தில், வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தாளை நான்கு மிதவைகள் மூலைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு நிழல்விரி என்று பெயர். பெருவெக்கைக்குப் பிறகு வந்த ஏற்பாடு. ஒரு விரி ஒரு கட்டத்தை மூடும். ஒரு கட்டம் என்பது எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். விரிக்குக் கீழே புல் முளைக்கும், மாடு மேயும், மனிதர் மனிதராக இருக்கலாம். விரிக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றால் தோல் உரியும். மூன்று மணி நேரம் நின்றால் உரிய ஒன்றும் மிச்சமிருக்காது.

நிழல் வேண்டிய கட்டங்கள் நாலாயிரத்துச் சொச்சம். இருந்த விரிகள் நானூற்றுப் பன்னிரண்டு. யாருக்கு விரிப்பது என்ற முடிவை மனிதர்களிடம் விட்டிருந்தால் முதல் விரி யார் தோட்டத்துக்கு மேல் நின்றிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சொந்தம், சாதி, சிபாரிசு எதுவும் இல்லாத நிலமதியிடம் விட்டார்கள். நிலமதி இயந்திர அறிவு. அதன் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தூவி எல்லாவற்றையும் சாகவிடாதே, பிழைக்கக்கூடிய இடத்தில் கையிலிருப்பதை மொத்தமாகக் கொட்டு.

எந்த இடம் பிழைக்கும் என்று காட்ட அது தேர்ந்தெடுத்தது கவுதாரியை. ஒரு காலத்தில் கண்ணி வைத்துப் பிடித்து, மிளகு தூக்கலாக வறுத்துத் தின்ற அதே கவுதாரிதான். கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றால்தான் அது முட்டையிடும். சாணியை அள்ளாமல் விட்டுக் கரையான் வந்தால்தான் குஞ்சு தின்னும். கிளுவை வேலி அடர்த்தியாக இருந்தால்தான் ராத்திரி அடையும். ஆகவே கவுதாரி இருக்கும் மண்ணில் உயிர் இருக்கிறது என்பது நிலமதியின் கணக்கு. அறுபது பறவை இருந்தால் அந்தக் கட்டத்துக்கு நிழல் உண்டு. ஐம்பத்தொன்பது என்றால் இல்லை. மனிதர்கள் அந்தக் கணக்கில் வேறொரு தலைப்பில் வந்தார்கள்: ‘புல் பராமரிப்பு’.

நாச்சிமுத்து கிளுவங்காட்டூரின் ஊர்வாய். ஒரு கட்டத்துக்காக நிலமதியிடம் பேச ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. அவர் சொல்வது ஊர் சொன்னதாகும். ஏழு தலைமுறையாக மாட்டுத் தரகு செய்த குடும்பம் அவருடையது. பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்லுகிற வம்சம். சொல்லுகிற வயதில் எப்போதும் இரண்டு குறையும். அப்படிப்பட்ட வாய் ஊருக்குக் கிடைத்ததை எல்லோரும் கொடுப்பினை என்றே நினைத்தார்கள்.

காரணமும் இருந்தது. தொடக்கத்தில் நிலமதி பறவைகளை எண்ண எண்ணிப்பூச்சிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. தட்டான் அளவு இயந்திரங்கள். புல்லுக்குள் புகுந்து தலை எண்ணிவிட்டுப் போகும். ஒன்பது வருடங்களுக்கு முன் கிளுவங்காட்டூரில் இருந்தது இருபத்தேழு பறவை. பூச்சிகள் வர இன்னும் பத்து நாள். அப்போதுதான் நாச்சிமுத்து ஒரு மனு எழுதினார். பூச்சிகளின் ரீங்காரத்தில் அடைகாக்கும் பெட்டைகள் மிரண்டு முட்டையை விட்டு எழுகின்றன, பறவையின் நலன் கருதி அவற்றை உடனே நிறுத்த வேண்டும், நிரந்தரமாக. நானூற்றுச் சொச்சம் கட்டங்களின் ஊர்வாய்களும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார்கள். பறவையின் நலன் என்றால் நிலமதி மறுக்காது. எண்ணிக்கையை இனி ஊர்வாயோடு பேசி முடிவு செய்யலாம் என்று ஒத்துக்கொண்டது.

நிலமதி படிவம் அனுப்பியது. “காகிதத்துல எழுதறதெல்லாம் எங்களுக்குப் பேச்சு இல்லீங்க. சந்தையில துண்டுக்கடியில கையப் புடிச்சுப் பேசறதுதான் பேச்சு” என்றார் நாச்சிமுத்து. அதற்கும் ஒத்துக்கொண்டு, ஐந்து விரல் வைத்த ஒரு தூதுவனைச் செய்து அனுப்பியது. ஊர் அதற்கு அலுமினியத்தார் என்று பெயர் வைத்தது. மரியாதை பாதி, பயம் பாதி.

முதல் வருடம் துண்டுக்கடியில் அவர் நூற்று முப்பது என்றார். அலுமினியத்தார் முப்பது என்றது. அவர் அம்மா மேல் சத்தியம் செய்தார், எழுந்து போவதுபோல் நடித்தார், திரும்பி வந்தார். கடைசியில் அறுபத்திரண்டில் படிந்தது. அன்றைக்கு ஊரில் கிடா வெட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இதே நாடகம், இதே முடிவு. மற்றக் கட்டங்களிலும் இதேதான்.

இந்த வருடம்தான் கதை மாறியது.

மூன்று மாதத்துக்கு முன் கிழக்கே ஓலப்பாளையத்துக் கட்டத்தின் நிழல் போனது. ஒரு காலையில் அந்தத் தாள் வடக்கே நகர்ந்தது, அவ்வளவுதான். எல்லைக் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் வெயில் சுண்ணாம்புபோல் வெள்ளையாக நின்றது. நான்காம் நாள் புல் பழுத்தது. எட்டாம் நாள் தானாகவே பற்றிக்கொண்டது. விரி நகருமுன்பே ஆட்களை வண்டிகளில் ஏற்றிக் குழிநகருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மண்ணுக்குக் கீழே நாற்பது மாடி. போனவர்களிடமிருந்து முதல் வாரம் செய்தி வந்தது. பிறகு வரவில்லை. ஓலப்பாளையத்து ஊர்வாய் பொய் எண் சொல்லி அகப்பட்டுக்கொண்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பினார்கள்.

அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் மதியம் எல்லை வேலி வரை நடந்துபோய் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்ப்பார். வேலிக்கு அப்பால் கையை நீட்டுவார், சூடு பட்டதும் இழுத்துக்கொள்வார். வலிக்கிற பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

பேச்சுவார்த்தை நாளுக்கு முந்தின சாயங்காலம் அவருடைய கொழுந்தியாள் மாராத்தாள் வந்தாள். ஊரில் பறவையை உண்மையாக எண்ணுகிறவள் அவள் ஒருத்திதான். எந்தப் புல் தூரில் எந்தப் பெட்டை எத்தனை முட்டை வைத்திருக்கிறது என்று தெரியும். முழங்காலில் தவழ்ந்து தவழ்ந்து இரண்டு முட்டியும் மாட்டுக் குளம்புபோல் காய்த்திருந்தது.

“மாமா, எந்திரிங். ஒரு சேதி.”

“நல்ல சேதின்னா சொல்லு. இல்லாட்டி போயிட்டு நாளைக்கழிச்சு வா.”

“அறுபத்தி நாலு.”

“என்ன அறுபத்தி நாலு? உன்ற வயசா?”

“என்ற வயசு உங்க பொண்டாட்டி வயசுல மூணு கம்மி, அதைய அவகிட்டக் கேட்டுக்கங். கவுதாரி, மாமா! மூணு நாளா எண்ணிட்டேன். ஓலப்பாளையத்துல தீப்புடிச்சப்ப ஓடியாந்ததெல்லாம் நம்ம வேலியில அடைஞ்சிருக்குது. அறுபத்தி நாலு. குஞ்சுகளச் சேக்காம.”

நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, ஊரில் உண்மையிலேயே போதுமான பறவை இருந்தது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் பயம் வந்தது.

“அப்ப நாளைக்கு எத்தனை சொல்றது?”

“இதென்ன கேள்வி? இருக்கறதச் சொல்லுங்.”

“வழக்கமா நூத்தி முப்பது…”

“ஓலப்பாளையத்தான் இப்படித்தான சொன்னான்? இப்ப எங்க இருக்கறான்?” அவள் குரல் இறங்கியது. “மாமா, பொறந்ததுல இருந்து உங்க வாயில ஒரு நெசம் வந்திருக்குதா? நாளைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிப் பாருங். நாக்கு வெந்து போச்சுன்னா நான் வெண்ணெ தடவி வுடறேன்.”

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த ஊரில். அத்தனை பேரும் நாளைக்கு ஒரு துண்டுக்கடியில் இருப்பார்கள் என்ற நினைப்பில் அவர் அன்று ராத்திரி தூங்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அலுமினியத்தார் வந்தது. ஊர்ப் பொதுக்கட்டிடத்து முற்றத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஊரே தள்ளி நின்று பார்த்தது. அது வழக்கம்போல் கால் மடக்கி உட்கார்ந்து, வலது கையை நீட்டியது. நாச்சிமுத்து வெள்ளைத் துண்டை இரண்டு கைக்கும் மேலே போட்டார். துண்டுக்குள் அதன் விரல்கள் கிணற்று நீரைப்போல் சில்லென்றிருந்தன.

கணக்கு எளிது. முழுக்கை என்றால் ஐந்து, ஒரு விரல் என்றால் ஒன்று. முதலில் பத்துகள், அப்புறம் ஒற்றைகள். நாச்சிமுத்து கையை முழுதாகப் பிடித்தார். விட்டுவிட்டு ஒரு விரலைப் பிடித்தார். ஆறு பத்து. பிறகு நாலு விரல்.

அலுமினியத்தார் அசையாமல் இருந்தது. “உங்கள் தொடக்கம் அறுபத்து நான்கு,” என்றது. துண்டுக்குள் ஒரு விரல் அவருடைய கையை மெல்ல அழுத்தியது. ஒரு பத்து. பிறகு ஐந்து. “நான் பதினைந்திலிருந்து வருகிறேன்.”

“இல்லீங்க. இது தொடக்கம் இல்லீங்க. இதுதானுங்க எண்ணிக்கையே.”

“ஆம். சென்ற ஆண்டு மூன்றாம் சுற்றிலும் இதையே சொன்னீர்கள்.”

“எங்கொப்புராணைங்க!”

“அப்பா மேல் ஆணை, நான்காம் ஆண்டு, நூற்று இருபத்தெட்டுக்கு. அம்மா மேல் ஆணை, முதலாம் ஆண்டும் ஏழாம் ஆண்டும். குலசாமி மேல், ஐந்தாம் ஆண்டு.” அதன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “நான் குறை சொல்லவில்லை. உங்களிடமிருந்துதான் கற்றேன். நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள், ஒன்பது ஆண்டுகள். ஊர்வாய் முதலில் சொல்லும் எண்ணுக்கும் முடிவில் மன நிறைவோடு ஒத்துக்கொள்ளும் எண்ணுக்கும் உள்ள விகிதம் எங்கும் ஏறத்தாழ இரண்டு. ஒத்துக்கொண்டதே உண்மை என்று எடுத்துக்கொண்டேன். அறுபத்து நான்கில் தொடங்கினால் உங்களிடம் முப்பத்திரண்டு இருக்கிறது.”

நாச்சிமுத்து நாலு விரலையும் மறுபடி அழுத்தினார். “நான் இறங்க மாட்டனுங்க. அறுபத்தி நாலுதான். ஒண்ணு கொறைக்க மாட்டேன்.”

“அதுவும் இருக்கிறது. இறங்க மறுத்தல், இரண்டாம் உத்தி. அடுத்தது எழுந்து போவதுபோல் செய்வீர்கள்.”

எழப்போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப வந்து எண்ணிப் பாருங்க! இப்பவே பூச்சிய வரச் சொல்லுங்க!” மாராத்தாள் தள்ளி நிற்க முடியாமல் ஓடிவந்திருந்தாள். “நான் காட்டறேன், ஒவ்வொரு தூரா!”

“எண்ணிப்பூச்சிகளுக்கு நிரந்தரத் தடை உள்ளது, அம்மா. பறவையின் நலன் கருதி. மனுவின் முதல் கையெழுத்து இவருடையது. தடையை நீக்க வேறொரு மனு தரலாம். பரிசீலிக்க அறுபது நாள்.”

“நெழலு எப்ப நகரும்?”

“நாளை மறுநாள், காலை எட்டு மணிக்கு.”

நாச்சிமுத்து துண்டுக்குள் அந்தக் கையை இறுகப் பிடித்தார். “நூத்தி முப்பது!” என்று வாய்விட்டே கத்தினார். “நூத்தி முப்பதுங்க! முன்னால சொன்னது தப்பு!”

“துண்டுக்குள் முதலில் சொன்னதற்கு மேலே ஏறக்கூடாது என்பது உங்கள் சந்தை வழக்கம்,” என்றது அலுமினியத்தார். “முதல் ஆண்டிலேயே நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் மீற மாட்டேன்.” அது முப்பத்திரண்டை அழுத்திவிட்டுக் கையை விலக்கிக்கொண்டது. பேரம் முடிந்தது.

விரி எங்கே போகிறது என்று யாரோ கேட்டார்கள். மேட்டுக்கடைக் கட்டத்துக்கு, இருக்கிற விரிக்கு மேல் இரண்டாவதாக, அங்கே நூற்று ஒன்று படிந்திருக்கிறது என்றது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மேட்டுக்கடையில் கடைசிக் கவுதாரியை நாலு வருடத்துக்கு முன் ஊர்வாய் வீட்டுக் கல்யாணத்தில் வறுத்துவிட்டார்கள். அந்த ஊர்வாய் இருநூறு என்று ஆரம்பித்திருப்பான். அவனுக்கு ஒன்பது வருடமாக ஒரு நடுக்கமும் கிடையாது.

“இங்குள்ள முப்பத்திரண்டு பறவைகளைக் கூண்டில் பிடித்து அங்கே விடுவோம்,” என்றது அலுமினியத்தார்.

“மிச்சம் முப்பத்திரண்டு?” என்றாள் மாராத்தாள்.

“எந்த மிச்சம்?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அலுமினியத்தார் மறுபடி துண்டுக்கடியில் கையை நீட்டியது. “இன்னும் ஒன்று இருக்கிறது. பராமரிப்பாளர்களைக் குழிநகருக்கு ஏற்றிச் செல்ல வண்டிகள் வரவேண்டும். எத்தனை பேர்?”

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நாச்சிமுத்துவின் தோளையே பார்த்தார்கள். அவருக்குள் ஏழு தலைமுறைத் தரகு விழித்துக்கொண்டது. உள்ளதைச் சொன்னால் பாதியாக்கும். பாதிப் பேருக்குத்தான் வண்டி வரும். எந்தப் பாதி? யார் வீட்டுக் குழந்தை? இருப்பதைப்போல் இரண்டு மடங்கு சொன்னால் சரியாக வந்து நிற்கும். இப்போது ஒருமுறை உண்மை சொன்னதற்கே ஊரைத் தொலைத்தாயிற்று. இன்னொருமுறை சொல்ல அவர் முட்டாள் இல்லை.

விரலை எண்ணி எண்ணி அழுத்தினார். நாற்பத்திரண்டு பத்து. நாலு ஒற்றை. நானூற்று இருபத்து நாலு.

அது எதிர்விலை சொல்லக் காத்திருந்தார். இருநூறு என்று வரும், கொஞ்சம் அழுது இருநூற்றுப் பன்னிரண்டுக்கு ஏற்றிவிடலாம்.

“நல்லது,” என்றது அலுமினியத்தார். “நானூற்று இருபத்து நான்கு பேர். பதிந்துகொண்டேன்.” எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனது.

ஊர் மூச்சு விட்டது. “அதிகமா வந்தா என்ன, கால் நீட்டிப் படுத்துட்டுப் போலாம்,” என்றார் ஒருவர். நாச்சிமுத்து ஜமக்காளத்தைவிட்டு எழவில்லை. பேரம் பேசாமல் ஒத்துக்கொள்ளும் ஆளிடம் மாடு விற்றவன் அன்று ராத்திரி தூங்கக்கூடாது என்பார் அவருடைய அப்பா. எங்கோ இடித்தது. எங்கே என்று தெரியவில்லை.

மறுநாள் பறவை பிடிக்க நிலமதியின் இயந்திர ஆட்கள் வந்தார்கள். முப்பத்திரண்டு எண்ணி முடித்ததும் கூண்டை மூடினார்கள். புல்லுக்குள் மற்றவை ஓடுவது கண்ணெதிரே தெரிந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை. பதிவில் இல்லாததைப் பார்க்க அவர்களுக்குக் கண் வைக்கவில்லை. பறவை வண்டி குளுகுளுவென்று சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போனது.

அதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு மக்களுக்கான வண்டிகள் பதினொன்று வந்து வரிசையாக நின்றன. மாடுகளை அவிழ்த்துவிட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். ஏழரைக்கெல்லாம் கடைசி ஆளும் ஏறியாயிற்று. ஐந்தரை வண்டி நிறைந்திருந்தது. மற்றவை காலி. கதவுகள் மூடிக்கொண்டன. வண்டிகள் நகரவில்லை.

“ஏனுங்க, கெளம்பலாமுங்க,” என்று நாச்சிமுத்து முன்னால் இருந்த பேசியில் சொன்னார்.

அலுமினியத்தாரின் குரல் வந்தது. “காத்திருக்கிறோம். இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரவேண்டும்.”

வண்டிக்குள் ஏற்கனவே புழுங்கியது. வண்டி ஓடினால்தான் குளிரூட்டி இயங்கும். “அவ்வளவுதானுங்க நாங்க! வேற ஆளே கெடையாது!”

“ஒருவரைக்கூட விட்டுச் செல்லக்கூடாது என்பது விதி. தேடுவதற்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். பதறாதீர்கள், கிடைத்துவிடுவார்கள்.”

“அது நான் கூட்டிச் சொன்னதுங்க! பொய்யிங்க! எப்பவும் நாங்க ரெண்டு மடங்குதான சொல்லுவோம், உங்களுக்குத்தான் தெரியுமே! பாதியாக்குங்க! கவுதாரிக்குச் செஞ்ச மாதிரி இதுக்கும் பாதியாக்குங்க!”

மணி எட்டாயிற்று. வெளியே கிழக்கு எல்லையில் நிழலின் ஓரம் அசைந்தது. அது கிளுவை வேலியைத் தாண்டியதும் வேலி வெள்ளையாயிற்று. பின்னால் புல். அதற்குப் பின்னால் அவிழ்த்துவிட்ட மாடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, நிழலோடு சேர்ந்து ஓடி வந்துகொண்டிருந்தன. மாராத்தாள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, உதடு அசைய, புல்லுக்குள்ளிருந்து பறந்து எழுகிறவற்றை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நான் பேசிய ஊர்வாய்கள் எல்லோரும் பறவைகளைப் பற்றித்தான் என்னிடம் பேரம் பேசினார்கள்,” என்றது குரல், ரொம்ப மரியாதையாக. “பறவை என்றால் மனிதர் கூட்டிச் சொல்வார் என்று அவர்களிடம் கற்றேன். சொந்த ஊர்ச் சனத்தின் தலையையும் அப்படித்தான் சொல்வார் என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லையே, ஐயா.”

வெள்ளை வெளிச்சம் பொதுக்கட்டிடத்து முற்றத்தைத் தொட்டது. வண்டிக்குள் ஒரு குழந்தை இருமியது. யாரும் அதன் வாயைப் பொத்தவில்லை.